அறுத்து உருவிய இழைகள்

கானா நாட்டின் கெண்டே நெசவு 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. நாலங்குல அகலத்தில் நீள நீளமாக நெய்த பட்டைகளைப் பக்கம்பக்கமாக வைத்துத் தைத்த துணி. ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. நல்ல செய்திதான். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் நமக்கு இன்னும் நெருக்கமான துணி ஒன்று இருக்கிறது. நெய்தவர்கள் நம்மவர்கள்.

காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் தார்ப்பாயில் குவித்து விற்கும் கட்டம் போட்ட லுங்கிக்குப் பங்காளி அது. 36 அங்குலச் சதுரங்களாக நெய்த பருத்தித் துணி; ஏற்றுமதிக்காரர்கள் 'மெட்ராஸ் கைக்குட்டை' என்றார்கள். நைஜீரியாவில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்களுக்கு அது 'இஞ்சிரி'.

வாங்கியதை அவர்கள் அப்படியே உடுத்திவிடவில்லை. பெண்கள் ஊசிமுனையால் இழையை நெம்பித் தூக்கி, சவரக்கத்தியால் அறுத்து, உருவி எடுக்கிறார்கள். ஓரிழை தவறினாலும் கோலம் கெடும். மிஞ்சிய இழைகளில் ஆமை முதலான புதுக்கோலங்கள் தெளிகின்றன. மொடமொடப்பான துணி சல்லடையாக மெலிகிறது. இதற்குப் பெயர் 'பெலெட்டே பிட்டே'. வீட்டுப் பெரியவர் இறந்தால், குடும்பப் பெட்டியில் காத்துவைத்த இத்துணிகளால் சாவுக் கட்டிலை அலங்கரிக்கிறார்கள். கடையில் வாங்கிய சரக்கு குலச்சொத்தானது இப்படித்தான். கெண்டேயின் கானாவிலும் அசாந்தே அரசவை 18-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டுப் பட்டுத் துணிகளை வாங்கி, நூல் நூலாகப் பிரித்து மறுபடி நெய்துகொண்டது.

உடனே மார்தட்ட வேண்டாம். 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையில் நெசவாளர்களைக் குடியேற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி தருமத்துக்கு அதைச் செய்யவில்லை. அந்த நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது. தறியில் குனிந்திருந்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்குத் தெரியும்.

நம் கைத்தறிப் பேச்சு தீபாவளித் தள்ளுபடியில் தொடங்கிப் புவிசார் குறியீட்டில் முடிகிறது. எந்த ஊர்த் துணி என்று முத்திரை குத்துவதோடு சரி. உடுத்தியவர் அதை என்ன செய்தார் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியை ஆராய்ந்து எழுதியவர்களில் முதன்மையானவர் ஜோஆன் ஐக்கர் என்ற அமெரிக்கப் பேராசிரியர். தமிழில் இதைப் பற்றி ஒரு சிறுநூலாவது வந்திருக்க வேண்டும்.

ஆப்பிரிக்க ஆர்டருக்குத் தறி ஓட்டிய முதியவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை. கட்டங்களின் அளவு, சாயம், கூலி, எல்லாம் வேண்டும். அடுத்த இதழில் கவிதைப் பக்கங்களைக் குறைத்தாவது இடம் தருகிறோம்.