சூடான பிளக் எதையும் சூடேற்றுவதில்லை

பழைய கார் ஆர்வலர்களிடையே ஓர் அறிவுரை வேதவாக்காக உலவுகிறது: “வண்டி இழுக்கவில்லையா? சூடான பிளக் போடுங்கள். கையில் பணமிருந்தால் இரிடியம் போடுங்கள்.” இதன் முற்பாதி சொற்பொருள் மயக்கம், பிற்பாதி வணிகம் விதைத்த மயக்கம். இரண்டும் சேர்ந்து, இனி உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காத எஞ்சின்களைப் பாழாக்குகின்றன. சற்று நீண்ட பதிவு. பழைய வண்டி வைத்திருப்போர் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

மொழியியல் பயின்ற எனக்கு முற்பாதியே கூடுதலாக உறுத்துகிறது. ‘சூடான’ என்னும் அடைமொழியைக் கேட்டதும், அந்த பிளக் வலிய பொறியைத் தரும் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. உண்மை வேறு. அச்சொல் குறிப்பது பிளக்கின் நுனி தன் வெப்பத்தை எவ்வளவு தேக்கிவைத்துக்கொள்கிறது என்பதை மட்டுமே. நுனியிலுள்ள பீங்கான் நீண்டிருந்தால் வெப்பம் சிலிண்டர் ஹெட்டுக்குச் சென்றடையும் வழி நீள்கிறது; நுனி சூடாகவே இருக்கிறது. அது சூடான பிளக். பீங்கான் குட்டையானால் வெப்பம் விரைந்து வெளியேறுகிறது. அது குளிர்ந்த பிளக். பொறியின் வலிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நுனியின் வெப்பம் ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை நிற்கவேண்டும். அதற்குக் கீழே போனால் கரி எரியாமல் படியும். மேலே போனால், பொறி விழும் முன்பே நுனியின் கனலே கலவையைப் பற்றவைத்துவிடும். அவ்வாறு முந்தி எரியும் எரிப்பு பிஸ்டனை உருக்கித் துளையிட வல்லது.

அடுத்து எண்கள். என்.ஜி.கே.யின் பி-பி-6-இ-எஸ், பாஷின் டபிள்யூ-7-டி-சி, சாம்பியனின் என்-9-ஒய்-சி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பொருத்தப்படுபவை. ஆனால் அவற்றின் வெப்ப எண்கள் 6, 7, 9. என்.ஜி.கே.யில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடானது. இன்னும் கேளுங்கள்: பாஷின் பழைய முறையில் 175, 225 என்று மூவிலக்க எண்கள் இருந்தன, அங்கே எண் கூடினால் குளிர்ச்சி. பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் பாஷின் வழிவந்தது. ஆகவே நம் நாட்டுப் பழைய கையேடுகளில் அந்த மூவிலக்க எண்ணைக் காண்பவர், இன்றைய பெட்டியின் ஓரிலக்க எண்ணோடு அதை ஒப்பிட்டால் நேரெதிராகப் புரிந்துகொள்வார். ஒரு குறியின் பொருள் அது சார்ந்த அமைப்புக்குள்தான் இருக்கிறது என்பது மொழியியலின் முதற்பாடம். “ஒரு எண் கூட்டிப் போடு” என்பவரிடம் “எந்த நிறுவனத்தின் எண்?” என்று கேளுங்கள்.

‘பல்’, ‘பால்’ இரண்டும் ஒரே ஓர் ஒலியால் வேறுபடுகின்றன. பி-பி-6-இ-எஸ், பி-பி-6-ஹெச்-எஸ் இரண்டும் அப்படித்தான் ஒரே ஓர் எழுத்தால் வேறுபடுகின்றன. ‘இ’ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர்; ‘ஹெச்’ என்றால் 12.7. இரண்டின் மரைக்கும் விட்டம் 14 மில்லிமீட்டரே. எனவே எதையும் எதிலும் முடுக்கிவிட முடியும். நீண்டது குட்டைத் துளைக்குள் போனால் எரியறைக்குள் துருத்தி நின்று பிஸ்டனையோ வால்வையோ தட்டக்கூடும். குட்டையானது நீண்ட துளைக்குள் போனால் எஞ்சிய மரையில் கரி அடைந்து, பின்னொரு நாள் சரியான பிளக்கையும் ஏறவிடாது.

இணையக் கடைகளில் ‘அம்பாசடர் பிளக்’ என்ற பெயரில் விற்பனை நடக்கிறது. அப்படியொரு பொருள் உண்டா? 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை உத்தரபாராவில் உருவான அந்த வண்டிக்குப் பெயர் ஒன்று, எஞ்சின்கள் பல. 1489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின் உண்டு. பின்னாளில் இசுஸூ எஞ்சினும் வந்தது. டீசல் அம்பாசடருக்கோ ஸ்பார்க் பிளக்கே கிடையாது! பிளக் வண்டியின் பெயருக்கு உரியதன்று. சிலிண்டர் ஹெட்டுக்கு உரியது.

இனி இரிடியம். அது போலிச் சரக்கு என்று நான் சொல்லவில்லை. மெல்லிய நுனியால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி விழும், நெடுங்காலம் தேயாது. ஆனால் ஞாயிறுதோறும் நான்கு தெரு சுற்றிவரும் வண்டிக்கு நீண்ட ஆயுள் எதற்கு? கார்புரேட்டர் சீர்கெட்டுக் கலவை மிகுந்தால் இரிடியத்திலும் கரி படியும். புதிய கார்களுக்கென 1.1 மில்லிமீட்டர் இடைவெளியோடு வரும் பிளக்கை பாயின்ட் வைத்த பழைய இக்னிஷனில் போட்டால், காயில் திணறிப் பொறி தவறலாம். 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின் எதிர்பார்ப்பது ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர்தான்.

“சூடான பிளக் போட்டதும் என் வண்டி சரியாயிற்றே” என்பார்கள். ஆகியிருக்கலாம். ரிங் தேய்ந்து எண்ணெய் ஏறும் எஞ்சினில் அது கரியைச் சற்று எரித்துவிடும். நோய் அப்படியே இருக்கும். அறிகுறி மட்டும் மறையும். கழற்றிய பிளக்கின் நுனியைப் பார்த்தே எஞ்சினின் நலம் சொல்லும் பழைய மெக்கானிக்குகளின் கலைக்கு இது நேர்விரோதம். வெளிர்பழுப்பு நலம், உலர்ந்த கரி மிகுகலவை, ஈரக்கருமை எண்ணெய், வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிகைவெப்பம். அந்த வாசிப்பை அழித்துவிட்டு எதைக் கொண்டு எஞ்சினை அறிவீர்கள்?

செய்யவேண்டியது எளிது. எஞ்சின் எதுவென்று உறுதிசெய்யுங்கள். அதன் கையேடு சொல்லும் மரைநீளத்தையும் வெப்ப எண்ணையும் அந்தந்த நிறுவன அட்டவணையில் பொருத்துங்கள். ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் கழற்றி நிறம் பாருங்கள். விற்பனையாளர்களுக்கும் ஒரு கோரிக்கை: வண்டியின் பெயருக்குப் பதில் எஞ்சின், மரைநீளம், சூடா குளிரா என்ற மூன்றையும் எழுதுங்கள். ஒரு வரி போதும். பல பிஸ்டன்கள் பிழைக்கும்.