பெயரை நீக்கினால் போதுமா?

பொழுது புலருமுன்னே போடிநாயக்கனூரில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கச் செல்லும் பெண்களைக் கண்டிருப்பீர்கள். ஏலம் மணக்கிறது, எடுப்பவள் வாழ்வு மணக்கிறதா? பூச்சிமருந்து அவள் உடலை என்ன செய்கிறது? கூலி என்ன? ஆய்வு வேண்டும், கணக்கு வேண்டும் என்கிறோம். கணக்கில் ஏறாத துயரத்தைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவர் கோட்டையிலிருப்போர்.

கணக்குக் கேட்கும் நாமே மற்றொன்றும் கேட்கிறோம்: நம்பி வாய் திறந்தவளின் மானத்துக்குக் காவல் யார்?

“பெயரை நீக்கித்தானே ஆய்வுத் தரவுகளை ஊரறியத் தருகிறோம், அச்சமேன்?” என்பர் சிலர். அறிவுக்குப் பொருந்துமா இது? முப்பதே வீடுகள் கொண்ட மலையடிவாரச் சிற்றூர் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வயது 42, கைம்பெண், சாதி இன்னது, நோய் இன்னது — இத்தனையும் அச்சேறிய பிறகு பெயர் எதற்கு? கங்காணி கண நேரத்தில் கண்டுகொள்வான். மறுநாள் ஜீப்பில் அவளுக்கு இடமிராது!

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்க்கு அளித்தனர். லதான்யா ஸ்வீனி என்னும் மாணவி 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கினார். பிறந்த நாள், பால், அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டார். ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பே அகப்பட்டது! ஆளுநருக்கே அக்கதி, அன்றாடங்காய்ச்சிக்கு?

சட்டம் காக்கும் என்பீரோ? 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், தனியாள் பதிவுகளைப் பிறர் பார்வையிடத் தடை விதித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஆராய்ச்சிக்குச் சில நிபந்தனைகளுடன் விலக்களிக்கிறது. எனவே பொறுப்பு ஆய்வாளர் தோளில்தான் விழுகிறது.

வழி இல்லாமலில்லை. வயதைப் பத்தாண்டு வரிசையாக்குக. ஊருக்குப் பதில் வட்டத்தைக் குறிப்பிடுக. ஓரிருவர் மட்டுமே அடங்கும் கட்டத்தை வெளியிடாதிருக்க. முழுப் பதிவு தேவைப்படும் ஆய்வாளரிடம் உறுதிமொழி பெற்று, காவலுள்ள இடத்தில் மட்டும் பார்க்க விடுக. யாருக்கு, எதற்காகத் தரப்படும் என்பதை அவள் மொழியில் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெறுக. மறுக்கும் உரிமையும் அவளுக்கு உண்டெனச் சொல்லுக.

உண்மையை மூடச் சொல்லவில்லை நாம். மூடினால் மகிழ்பவர் முதலாளிகளே! தோட்டத்தின் கொடுமை நாடறியட்டும். சொன்னவள் யாரென்பதைத் தோட்டக்காரர் அறிய வேண்டா. இளைஞர்களே, குறிப்பேட்டுடன் உங்கள் ஊருக்கு ஆய்வாளர் வந்தால் வரவேற்பீர்! வரவேற்று, முதற் கேள்வியை நீங்கள் கேளுங்கள்: “இந்த ஏடு யார் கைக்குப் போகும்?”