வீட்டு வேலையும் தகுதிதான்!

பிளஸ் டூ படிக்கும் பெண்ணோ பிள்ளையோ உங்கள் வீட்டில் உண்டா? அமெரிக்காவில் நல்ல கல்லூரி ஒன்றில் பட்டப் படிப்புப் படிக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டா? அப்படியானால் இந்த வாரப் பக்கம் உங்களுக்குத்தான். மற்றச் சகோதரிகளும் படிக்கலாம். நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது!

நம் ஊர்க் கணக்கு பெரும்பாலும் மார்க்குக் கணக்கு. கூட்டிப் பார்த்தால் இடம் உண்டா, இல்லையா என்று ஒருவாறு தெரிந்துவிடும். ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடங்களில் சங்கதி வேறு. 100 பேர் மனுப் போட்டால் 5 பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. மனுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் நல்ல மார்க் வாங்கியவர்கள்தாம். ஆகவே மார்க் வாசல்படி வரையில் கொண்டுபோய் விடும். அதற்கு மேல், "இந்தக் குழந்தை எப்படிப்பட்டது?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

அதைச் சொல்வதற்கு 'காமன் ஆப்' என்று ஒரு பொது விண்ணப்பம் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டில் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கியது. இப்போது 1,000-க்கு மேற்பட்ட கல்லூரிகள் அதை ஏற்கின்றன. பாடத்துக்கு வெளியே செய்யும் காரியங்களை எழுத அதில் 10 இடங்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க, இடைவெளியும் சேர்த்து 150 ஆங்கில எழுத்துகள்தாம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்றும் சொல்ல வேண்டும்.

பத்து இடத்தையும் பார்த்ததும் தாய்மார்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. உடனே ஒரு கீபோர்டு வகுப்பு, ஒரு கராத்தே வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை அநாதை இல்லத்துக்குப் போய் பிஸ்கட் கொடுத்து ஒரு போட்டோ! வேண்டாம், அம்மா. பத்தையும் நிரப்பியே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அதே பட்டியலில் 'குடும்பப் பொறுப்புகள்' என்றே ஒரு தலைப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. உங்கள் பெண் தினமும் காலையில் பாட்டிக்கு இன்சுலின் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாளா? தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாளா? அப்பாவின் கடையில் மாலை வேளையில் கணக்குப் பார்க்கிறாளா? "அது என்ன பிரமாதம், வீட்டு வேலைதானே!" என்று நீங்கள் சொல்வீர்கள். அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. 2016-ஆம் ஆண்டில் ஹார்வர்ட் கல்வியியல் பள்ளியிலிருந்து வந்த ஓர் அறிக்கை, வீட்டைத் தாங்கும் பிள்ளைகளின் உழைப்பையும் கல்லூரிகள் மதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது.

ஆனால் எழுதும் விதம் ஒன்று உண்டு. "பாட்டியைக் கவனித்துக்கொண்டேன்" என்றால் ஒன்றும் விளங்காது. "தினமும் சர்க்கரை அளவு பார்த்து நோட்டில் குறிக்கிறேன், மருந்து வாங்குகிறேன், டாக்டரிடம் நான்தான் பேசுகிறேன்" என்றால் பெண் கண்முன் நிற்பாள். மணிக்கணக்கை மட்டும் கூட்டிச் சொல்லக் கூடாது. இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரந்தான்.

அடுத்தது கட்டுரை. 650 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. அங்கேதான் அம்மாவுக்குக் கை துறுதுறுக்கும். அப்பா பணம் கொடுத்து எழுதி வாங்கலாமா என்று பார்ப்பார். பிள்ளையோ கம்ப்யூட்டரையே எழுதச் சொல்லிவிடும்! மூன்றும் ஆபத்து. எல்லாம் தன் சொந்த வேலையே என்று விண்ணப்பதாரர் உறுதி கூறித்தான் அனுப்ப வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, கேள்வி கேட்பது. "எந்த விஷயத்தில் உன் எண்ணம் மாறிற்று? யாரும் சொல்லாமல் நீயாக என்ன செய்தாய்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரையில் பேசாமல் இருங்கள். அதுதான் கஷ்டம்!

சிபாரிசுக் கடிதங்களைக் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். பல கல்லூரிகள் இரண்டு ஆசிரியர்களிடமிருந்து கேட்கின்றன. முன்கூட்டியே மனுப் போட நவம்பர் 1, மற்றவர்களுக்கு ஜனவரி முதல் வாரம் என்பது பல கல்லூரிகளின் வழக்கம். ஆகவே ஜூன், ஜூலையிலேயே ஆசிரியரிடம் போய்க் கேட்கட்டும். "நல்ல பெண், அடக்கமானவள்" என்ற கடிதத்தால் பயனில்லை. வகுப்பில் நடந்த இரண்டொரு சம்பவத்தை அவருக்கு நினைவூட்டட்டும்.

பணத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவரானாலும் உதவி கேட்பது தேர்வைப் பாதிக்காது. பல இடங்களில் பாதிக்கும். 'ஏர்லி டிஸிஷன்' என்ற முறையில் இடம் கிடைத்தால் அங்கேயே சேருவதாக வாக்குக் கொடுக்கிறீர்கள். செலவைக் கணக்குப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம். போகட்டும். இன்று இரவு சாப்பாடு ஆனதும் ஒரு காகிதத்தை எடுத்து, உங்கள் பெண் இந்த வாரம் வீட்டுக்காக என்னென்ன செய்தாள் என்று எழுதிப் பாருங்கள். கல்லூரிக்காரர்கள் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டிய பட்டியல் அது.