டப்பாவில் எழுதாத மணி நேரம்

"600 டிகிரி தாங்கும்!" பைக் சைலன்சருக்கு அடிக்கிற சிலிக்கோன் பெயிண்ட் டப்பா பலவற்றில் இப்படித்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எத்தனை மணி நேரம் தாங்கும்? அது இருக்காது. கடையில் கேட்டால், "கிராஸ்லிங்க் பண்ணின ரெசின் சார், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். பாதி உண்மை. (வணிகவியலில் இதற்கு மார்க்கெட்டிங் என்று பெயர் :-))

உண்மையான பாதி முதலில். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலிதான் சிலிக்கோன். சாதாரண பிளாஸ்டிக்கின் கார்பன் பிணைப்பைவிட இதை உடைக்க அதிக சக்தி வேண்டும். ஆனால் சங்கிலி தனியாகக் கிடந்தால் அதற்கு ஒரு வியாதி உண்டு. 350 டிகிரி வாக்கில் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு, சின்னச் சின்ன வளையங்களாகக் கழன்று ஆவியாகிவிடும். அதற்கு மருந்துதான் குறுக்குப் பிணைப்பு. சிலிக்கானுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று ஆக்சிஜன் கைகளைக் கொடுத்து, 200 டிகிரி வாக்கில் சுட்டெடுத்தால் சங்கிலிகள் வலையாகும். வலையில் மாட்டிய சங்கிலியால் இஷ்டத்துக்கு வளைந்து தன்னைக் கடிக்க முடியாது.

அடுத்த பாதியை யாரும் சொல்வதில்லை. வலையை இறுக்க இறுக்க ரெசின் கண்ணாடி மாதிரி ஆகும். சூட்டில் இரும்பு விரிகிற அளவு வேறு, பூச்சு விரிகிற அளவு வேறு. நாலு தடவை சூடாகி ஆறினால் விரிசல்தான். இன்னொன்று, சிலிக்கானில் தொங்கும் மெத்தில் தொகுதிகள். 200 டிகிரிக்கு மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றை மெல்லத் தின்னும். என்னதான் வலை பின்னினாலும் இதை முழுசாகத் தடுக்க முடியாது. அதனால்தான் மெத்திலில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு ஃபீனைல் வைக்கிறார்கள். அதற்கு விலை அதிகம்.

சரி, 600 டிகிரியில்? ரெசினின் கரிமப் பகுதி எரிந்தே போயிருக்கும். மிச்சம் நிற்பது சிலிக்காவும் அதில் கலந்த அலுமினியத் தூளும். பூச்சு நிற்கலாம், தப்பில்லை. ஆனால் நிற்பது வாங்கிய ரெசின் இல்லை, அதன் எலும்புக்கூடு!

"டேட்டா ஷீட்டில் எல்லாம் இருக்கிறதே" என்பார்கள். சைலன்சருக்கு ஒரு டப்பா பெயிண்ட் வாங்குகிறவன் டேட்டா ஷீட்டா கேட்பான்?

மின்மோட்டார் தொழிலில் இந்த விளையாட்டு எடுபடாது. 1930களில் கார்னிங் நிறுவனத்தின் ஹைட் சிலிக்கோன் ரெசினில் இறங்கியதே, மின்காப்புக்குக் கண்ணாடி இழையோடு சேர்ந்து சூடு தாங்கும் பொருள் தேடித்தான். அங்கே 'எச்' வகுப்பு என்றால் 180 டிகிரி. அந்த எண்ணுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மணி நேரச் சோதனை இருக்கிறது. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று தோராயமாக ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள்.

180 என்று அடக்கமாகச் சொல்கிறவன் மணிக்கணக்கு காட்டுகிறான். 600 என்று கத்துகிறவனிடம் கணக்கே இல்லை. விடாமல் எரிந்தால் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று டப்பாவில் இன்னும் ஒரு வரி அச்சடிக்க எத்தனை பைசா ஆகிவிடும்?