மனைவி பினாங்கில், வரி மாதுங்காவில்

மும்பையில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களில் கடல் கடந்து பெண் எடுத்தவர்களும் உண்டு, கடல் கடந்து பெண் கொடுத்தவர்களும் உண்டு. தாராவியிலும் செம்பூரிலும் விசாரித்தால் "எனக்கு மாமியார் வீடு ஈப்போ" என்பவரையும், "மாப்பிள்ளை பினாங்கில்" என்பவரையும் காணலாம். தாலி கட்டியாகிவிட்டது, ஆனால் அங்கே நல்ல வேலை, அல்லது வயதான பெற்றோர், அல்லது விசாத் தொல்லை. ஆகவே ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. இப்படிப்பட்டவர்களுக்கு ஜூலை மாதம் பிறந்தால் ஒரு கவலை வந்துவிடுகிறது. வருமான வரிக் கணக்கில் அந்த மனிதரை எங்கே எழுதுவது?

முதலில் நல்ல செய்தி. எங்கும் எழுத வேண்டியதில்லை. நமது நாட்டில் கணவனும் மனைவியும் வரிக்குத் தனித்தனி ஆட்கள். அவரவர் சம்பளம், அவரவர் கணக்கு. பினாங்கில் ஆசிரியையாக இருக்கும் மனைவியின் சம்பளம் அவருடையது; அவர் இங்கே வசிக்காதவரை இந்திய சர்க்காருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. நம் கணக்கிலும் அதைக் காட்டத் தேவையில்லை. அமெரிக்காவில் இப்படி அல்ல. அந்நாட்டுப் பிரஜை, வெளிநாட்டில் வசிக்கும் வெளிநாட்டு மனைவியோடு சேர்ந்து ஒரே கணக்காகத் தாக்கல் செய்ய விரும்பினால், அந்த அம்மாளின் உலக வருமானம் முழுவதையும் அமெரிக்க வரிக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் பெரும்பாலும் தனிக் கணக்குத்தான். அதில் சலுகை குறைவு. நம் நாட்டிலும் தம்பதியர் விரும்பினால் கூட்டுக் கணக்குக் கொடுக்க வழி செய்யலாம் என்று 2025 பட்ஜெட்டுக்கு முன்பு பட்டயக் கணக்காளர் கழகம் யோசனை கூறியது. ஒரே ஊரில் குடித்தனம் செய்பவர்களுக்கு அது லாபமாக இருக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு இப்போதுள்ள தனிக் கணக்கே க்ஷேமம்.

பின் சிக்கல் எங்கே? பணம் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும் இடத்தில்.

மகள் செம்பூரில் இருக்கிறாள், மருமகன் கிள்ளானிலிருந்து மாதாமாதம் ரிங்கிட் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவளுக்கு வருமானம் அல்ல. கணவன் மனைவிக்குக் கொடுப்பதற்கு உச்சவரம்பும் இல்லை, வரியும் இல்லை. அரிசிக்கும் வாடகைக்கும் செலவானால் கதை அதோடு முடிந்தது. ஆனால் சிக்கனமான பெண் மிச்சம் பிடித்து வங்கியில் வைப்புத்தொகை போடுகிறாள், வட்டி வருகிறது. அந்த வட்டி யாருடையது? சட்டப்படி அது கணவருடைய வருமானத்தில் சேர்கிறது. பணக்காரர்கள் சொத்தை மனைவி பெயரில் எழுதி வரியைக் குறைத்துக்கொண்ட காலத்தில் அதைத் தடுக்கப் போட்ட விதி இது. கிள்ளான் மருமகனையும் பிடித்துக்கொள்கிறது. அவர் வெளிநாட்டவர் என்றாலும் வட்டி விளைந்த இடம் இந்தியா. பலர் இதை மனைவியின் கணக்கிலேயே காட்டிவிடுகிறார்கள். சட்டத்தின் சொல் அது அல்ல. அந்த வட்டியை மறுபடி போட்டு வரும் வட்டிக்கு வட்டி மட்டும் மனைவியுடையது! ஒரு ஆறுதல்: மருமகனுக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லாமல், இந்த வட்டியும் வரிவிலக்கு வரம்புக்குள் இருந்தால், அவர் இங்கே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை.

திசை மாறினாலும் விதி அதே. இங்கிருந்து குமாஸ்தா தன் சேமிப்பை மனைவிக்கு அனுப்ப, அந்த அம்மாள் அதைப் பினாங்கு வங்கியில் போட்டால், அந்த வட்டி கடல் தாண்டித் திரும்பி வந்து கணவரின் கணக்கில் உட்காரும்.

இவையெல்லாம் சில்லறைச் சங்கதிகள். நான் எழுத வந்தது வேறு ஒன்றைப் பற்றி.

நம்மவர்களிடம் ஒரு வழக்கம். கல்யாணம் ஆனதும், நம்பிக்கையின் அடையாளமாகக் கணவர் பெயரைத் தன் மலேசிய வங்கிக் கணக்கில் மனைவி சேர்த்துவிடுவார். "ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்." கணவர் அந்தக் கணக்கில் ஒரு காசு போட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை. ஆனால் அன்று முதல் அவர் நமது சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுச் சொத்து உடையவர். பெயர்கூட வேண்டாம், கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்தாலே போதும். சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் 'சகஜ்' என்ற முதல் எண் படிவம் அவருக்கு ஆகாது. இரண்டாம் எண் படிவத்தில், வெளிநாட்டுச் சொத்துக்கென உள்ள அட்டவணையில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். அதிலும் நமது ஏப்ரல்-மார்ச் கணக்கு இல்லை. ஜனவரி முதல் டிசம்பர் வரை.

2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை சாதாரண வருமானத்துக்குக் கட்ட வேண்டிய வரி தள்ளுபடியாகிவிடுகிறது. ஆகவே "எனக்குத்தான் வரியே இல்லையே, எதற்குக் கணக்கு?" என்று பேசாமல் இருப்பவர்கள் உண்டு. வெளிநாட்டுச் சொத்து இருந்தால் அந்த நியாயம் செல்லாது. வருமானம் எவ்வளவு குறைவானாலும், இங்கே சாதாரணமாக வசிப்பவர் கணக்குத் தாக்கல் செய்தே தீரவேண்டும். ரயில் நிலையத்துக்கு வெளியே மேசை போட்டிருக்கும் ஏஜெண்டு இதைக் கேட்பதில்லை. அவருக்கு நாள் ஒன்றுக்கு எத்தனை 'சகஜ்' முடிகிறது என்பதே கணக்கு.

காட்டாமல் விட்டால்? 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. வரி பாக்கி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சொல்லாததே குற்றம். பல குமாஸ்தாக்களுக்கு ஓராண்டுச் சம்பளமே அவ்வளவு வராது. 2024 அக்டோபர் 1 முதல் கொஞ்சம் இளக்கியிருக்கிறார்கள்: வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் வீடு, நிலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. மாமனார் விட்டுச்சென்ற சின்ன வீட்டின் பத்திரத்தில் மருமகன் பெயரும் சேர்ந்திருந்தால், அதன் மதிப்பு எதுவானாலும் பழைய கத்தி தலைக்கு மேலே தொங்குகிறது.

கோடிக்கணக்கில் வெளியே பதுக்கியவனைப் பிடிக்கப் போட்ட வலையில், மனைவியின் அன்பால் பெயர் சேர்க்கப்பட்ட எழுத்தரும் சிக்குவது என்ன நியாயம்? அபராதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறைத்த வருமானத்துக்கு ஏற்ற அபராதம் இருக்கட்டும். வருமானமே இல்லாத இடத்தில், தெரியாமல் விட்டவருக்கு முதல் தடவை ஓர் எச்சரிக்கைக் கடிதம் போதாதா? பணம் போட்டவர் மனைவி என்று வங்கிச் சான்று காட்டினால் கணவரை விட்டுவிட வழி செய்யக் கூடாதா? நம் தொழிற்சங்கங்கள் போனஸுக்குக் கொடுக்கும் குரலில் கால்வாசியை இதற்குக் கொடுத்தால் டெல்லிக்குக் கேட்கும்.

"அங்கே இருப்பது இங்கே எப்படித் தெரியும்?" என்று கேட்கும் கெட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவும் சிங்கப்பூரும் 2018 முதல் வங்கிக் கணக்கு விவரங்களை மற்ற நாடுகளுடன் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. 2024 நவம்பரில் வருமான வரி இலாகா, இப்படி வந்த தகவலை வைத்துப் பலருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பியது. மறைத்துவிடலாம் என்ற நினைப்பு வீண். விட்டுப்போனது தெரிந்தால் குறித்த காலத்துக்குள் திருத்திய கணக்குக் கொடுக்க வழி இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை, அங்கிருப்பவர் இங்கே வந்து தங்கும் நாட்கணக்கு. ஒரு நிதியாண்டில் 182 நாள் தங்கினால் யாரும் 'வசிப்பவர்' ஆகிவிடுவார். அதற்குக் குறைவானாலும், அந்த ஆண்டில் 60 நாளும் முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் தங்கியிருந்தால் அப்போதும் அப்படியே. இந்திய வம்சாவளியினர் பார்த்துப்போக வந்தால் 60 என்பது 182 ஆகிறது (இங்கே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் இருந்தால் 120). வம்சாவளி என்றால் அவரோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிரிபடாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர் தாத்தா என்றால் சரி. கொள்ளுத்தாத்தா என்றால் போயிற்று. இலங்கை மலையகத்துப் பெண்ணின் தாத்தா திருநெல்வேலியில் பிறந்தவரானால் 182 நாள். பரம்பரையே யாழ்ப்பாணம் என்றால் 60. ஆனால் உள்துறை கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டைக்குக் கொள்ளுப்பேரனும் தகுதி உள்ளவர். இந்தியப் பிரஜையை மணந்து இரண்டு ஆண்டு கழிந்த வெளிநாட்டவரும் பொதுவாக அதற்கு மனுப் போடலாம். அட்டை தந்து "வா" என்கிறது ஒரு இலாகா; 60 நாள் எண்ணுகிறது இன்னொரு இலாகா. மனைவி என்ற உறவுக்கு முன்னது தரும் மரியாதையைப் பின்னதும் தந்தால் என்ன குறைந்துவிடும்?

பயந்துவிட வேண்டாம். வருஷத்துக்கு 95 நாள் வந்து தங்கும் யாழ்ப்பாணத்து மனைவியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டில் 380 நாள். ஐந்தாம் ஆண்டு அவர் 'வசிப்பவர்'. ஆனால் ஏழு ஆண்டு சேர்த்தாலும் 665 நாள்தான். 729 நாளைத் தாண்டாதவரை அவர் 'சாதாரணமாக வசிப்பவர் அல்லர்' என்ற வகை. அவரது இலங்கைச் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது, வெளிநாட்டுச் சொத்து அட்டவணையும் கிடையாது. பாஸ்போர்ட்டில் விழும் முத்திரைத் தேதிகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும்.

கடைசியாக ரயில்வேயிலும் மற்ற மத்திய சர்க்கார் இலாகாக்களிலும் வேலை பார்க்கும் தோழர்களுக்கு. இந்தியப் பிரஜை அல்லாதவரை மணந்தால் உடனே சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நமது நடத்தை விதிகள் சொல்கின்றன. அனுமதி கேட்கும் மனு அல்ல, தெரிவிக்கும் கடிதம்தான். வெளிநாட்டில் வீடோ நிலமோ நம் பெயரில் வாங்குவதென்றால் முன்அனுமதி தேவை. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அவசரத்தில் பலர் இந்தக் கடிதத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரை வாங்கி, திருமணப் பதிவுச் சான்றோடு சேர்த்து வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.