கராஜ் கொட்டிலுக்கு வெளிச்சம்



இந்த முறை சுயதொழிலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் கடன், சேமிப்பு பற்றியல்ல. வேலை செய்யும் இடத்தின் வெளிச்சத்தைப் பற்றி.

வவுணதீவு தாண்டி உள்ளே, வயல் ஓரமாக ஒரு வீடு. அங்கிருக்கும் அக்கா சைக்கிள் திருத்துபவர். பஞ்சர் ஒட்டுவார், செயின் மாற்றுவார், ரிம் நிமிர்த்துவார். மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றவும் ஆட்கள் வருவார்கள். வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில்தான் கராஜ். அதைப் போட்டவர் கணவர். 2007 ஆம் ஆண்டு படுவான்கரைச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்ததற்குக் கொஞ்ச நாள் முன்பு வெளியே போனவர், இன்னும் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது வீட்டின் கூரை இல்லை. கொட்டிலும் ஸ்பானர் பெட்டியும் இருந்தன. அந்தப் பெட்டியை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்.

பகலில் வயல் வேலை, சமையல். சைக்கிள் வேலை பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான். அந்த நேரத்தில் கொட்டிலுக்குள் இருந்த வெளிச்சம் என்ன? நடு முகட்டில் தொங்கிய ஒரே ஒரு 60 வாற் குமிழ். அவர் சுவர்ப் பக்கம் பார்த்துக் குந்தியிருந்து வேலை செய்வார், குமிழ் முதுகுக்குப் பின்னால். தன்னுடைய நிழலே தன்னுடைய வேலையில் விழும். டியூபில் ஓட்டை தெரியாமல் பக்கத்தில் ஒரு குப்பி விளக்கையும் கொளுத்தி வைப்பார்.

2022 ஆம் ஆண்டு மின்வெட்டு நமக்கெல்லாம் நினைவிருக்கும். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டு. அந்த நாட்களில் ஒரு இரவு, பஞ்சர் ஒட்டும் சொலூசன் டின் திறந்தபடி இருக்க, பக்கத்தில் குப்பி விளக்கு. சொலூசனில் இருந்து வரும் ஆவி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நெருப்பைத் தேடிப் போய்ப் பிடிக்கும். பிடித்தது. வலது முழங்கை வரை எரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆள் பற்பசை பூசியிருக்கிறார். எரிகாயத்துக்குப் பற்பசையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும், பிறகு சுத்தமான துணியால் மூடி 1990 க்கு அழைக்க வேண்டும். இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன், இன்னும் பற்பசைதான் முதலில் வருகிறது.

குப்பி விளக்கைப் பற்றி நினைக்கும்போது வைத்திய நிபுணர் விஜய கொடகும்புரவை நினைக்காமல் இருக்க முடியாது. சத்திரசிகிச்சை நிபுணரான அவர், கவிழ்ந்த குப்பி விளக்கால் எரிந்து வரும் ஏழைச் சனத்தைப் பார்த்துப் பார்த்து, 1990 களின் தொடக்கத்தில் பாதுகாப்பான விளக்கு ஒன்றைச் செய்தார். மார்மைட் போத்தலைப் போலக் கட்டையான, பாரமான தடித்த கண்ணாடி. இரண்டு பக்கம் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாது. மூடி திருகு மூடி, எண்ணெய் கொட்டாது. 1998 ஆம் ஆண்டு இதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் இல்லாத வீட்டில் குப்பி விளக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால் அப்படியான போத்தலைத் தேடி வையுங்கள். ஆனால் சொலூசன், பெற்றோல் இருக்கும் கொட்டிலுக்குள் எந்த விளக்கும் கூடாது. பற்றரி ரோச்சுத்தான்.

காயம் ஆறிய பிறகு நான் போனபோது, "லைற்றை மாத்துவமா அக்கா?" என்று கேட்டேன்.

"அது அவர்ர கொட்டில் புள்ள. அவர் வச்ச மாதிரியே கிடக்கட்டும்" என்றார்.

நான் மேலே பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே போன் எடுத்தார். "நீ சொன்ன லைற் எத்தனை வாற்?"

வேலையை மகளும் அவரும்தான் செய்தார்கள். நான் ஏணி பிடித்தேன்.

முதலில் காசு போகாத வேலை. புகை படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கறுத்த சுவர் வெளிச்சத்தை விழுங்கும், வெள்ளைச் சுவர் திருப்பித் தரும். மூன்று சுவர்தான் அடித்தோம். நான்காவது சுவரில் கணவர் கரியால் எழுதிய கடன் கணக்கு இருக்கிறது. யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று. அதைத் தொடவில்லை.

பிறகு குமிழ். 9 வாற் எல்ஈடி குமிழ், பழைய 60 வாற் குமிழின் அளவு வெளிச்சம் தரும். ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் எரித்தால் பழையதற்கு மாதம் 9 அலகு. எல்ஈடி இரண்டு போட்டாலும் 2.7 அலகுதான். 30 அலகு, 60 அலகு என்று படி ஏற ஏற விலையும் ஏறும் நமது மின் பட்டியலில் இது சின்ன விசயமல்ல. ஒன்றை முகட்டிலேயே விட்டோம். மற்றதை வேலை செய்யும் இடத்துக்கு முன்னால், இடது பக்கமாக, தலைக்குச் சற்று மேலே கட்டினோம். வலது கைக்காரருக்கு வெளிச்சம் இடது முன்பக்கத்தில் இருந்து வந்தால் கை நிழல் வேலையில் விழாது. இடது கைக்காரர் மறுபக்கம் கட்டுங்கள்.

இந்த இரண்டாவது குமிழ் பிளக்கில் குத்தும் வயரோடு. பிளக்கைக் கழற்றி மகள்தான் பூட்டினாள். புது வயரில் மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நடுநிலைக்கம்பி, பச்சையும் மஞ்சளும் கலந்தது நிலக்கம்பி. பழைய வீடுகளில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று இருக்கும். உயிர்க்கம்பி பியூஸ் உள்ள பக்கத்துக்குப் போகவேண்டும். குமிழுக்கு 3 அம்பியர் பியூஸ் போதும். பிளக் பூட்டி முடிந்து மூடியை இறுக்கிய பிறகே சுவரில் குத்தினோம்.

முகட்டுக் குமிழுக்கு வந்த பழைய வயரைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. இரண்டு இடத்தில் மூட்டு, அதற்கு மேலே சொப்பிங் பை சுற்றியிருந்தது. அதில் நாங்கள் கை வைக்கவில்லை. வீட்டு வயரிங் என்றால் வேலை தெரிந்த மின்னியலாளரைக் கூப்பிட்டுத்தான் செய்விக்க வேண்டும். ஆனால் அவர் செய்யும்போது தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள், ஏன் என்று கேளுங்கள். குமிழ் மாற்றுவதற்குக்கூட மெயின் சுவிச்சை நிறுத்தி, காய்ந்த செருப்புப் போட்டு, மர ஸ்டூலில் ஏறுங்கள். ட்ரிப் சுவிச்சில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் கரண்ட் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது உங்களைக் காப்பாற்றாது. மின்கம்பத்தில் கொழுவி எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். யானைக்கென்று களவாகப் போட்ட கம்பியில் மனிதர் செத்த கதை நமக்குப் புதிதல்ல.

பகல் வெளிச்சத்துக்கு இன்னொரு வழி. பிரேசில் நாட்டில் அல்பிரெடோ மோசர் என்ற மெக்கானிக், 2002 ஆம் ஆண்டு மின்வெட்டு நேரத்தில் கண்டுபிடித்தது. இரண்டு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமல் இரண்டு மூடி வெளுப்பான் விட்டு, கூரையில் ஓட்டை போட்டு, பாதி மேலேயும் பாதி கீழேயுமாக இறுக்கிவிடுவது. வெயில் தண்ணீருக்குள் முறிந்து கொட்டில் முழுக்கப் பரவும். அக்கா வீட்டிலும் ஒன்று வைத்தோம். கார்த்திகை மழைக்கு ஒழுகியது, திரும்ப சிலிக்கன் பூசினோம். தகரக் கூரைக்கு மட்டும்தான் இது. அஸ்பெஸ்ரஸ் சீற்றில் ஓட்டை போடாதீர்கள், அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது.

போன கிழமை போனபோது இரவு ஏழரை. கொட்டில் வாசலில் மூன்று சைக்கிள் நின்றது. ரிம்மைச் சுற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: "முந்தி இந்த நேரம் நாய் குரைச்சாலும் உள்ளுக்கு ஓடிருவன் புள்ள. இப்ப ஆர் வாறதெண்டு முகம் தெரியுது."

நான்காவது சுவரில் கரி எழுத்தும் தெரிந்தது. அதில் பெயர் இருந்த ஒருவர் சைக்கிள் கொண்டு வந்தபோது வாசித்துவிட்டு, பதினைந்து வருசத்துக்கு மேலான கடன், 350 ரூபாயைக் கட்டிவிட்டுப் போனாராம். அக்கா அந்தப் பெயரை அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு சரி போட்டிருக்கிறார்.