திருநாளும் பூட்டிய வீடும்

திருவிழாக் காலம் வந்தால் எமது கிராமங்களில் வீடுகள் பூட்டப்படுகின்றன. மடுத் திருவிழா ஓகஸ்ட் 6 இல் கொடியேறி 15 இல் நிறைவுறும். அந்நாட்களில் உழவு இயந்திரப் பெட்டியில் பாயும் பானையும் ஏற்றிக்கொண்டு, குடும்பம் குடும்பமாகச் சென்று கொட்டில் போட்டுத் தங்குவது எம்மவர் வழக்கம். மாசியில் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், மார்கழியில் நத்தார் நள்ளிரவுத் திருப்பலி என்று ஆண்டு முழுவதும் இப்படியான நாட்கள் உண்டு. இந்த நாட்களையெல்லாம் களவெடுப்பவனும் கலண்டரில் பார்த்து வைத்திருக்கிறான்.

கமக்காரக் குடும்பத்தில் களவு போவது வெறும் பொருள் அல்ல. ஒரு போகமே களவு போகிறது. இறைப்பு இயந்திரம் போனால் மிளகாய்த் தோட்டம் ஒரு கிழமையில் வாடிவிடும். விதைநெல் போனால் அடுத்த விதைப்புக்கு மீண்டும் கடன்பட வேண்டும். நுண்கடன் எடுத்து வாங்கிய இயந்திரம் களவுபோன பின்பும் கிழமைத் தவணை கேட்டு ஆள் வருவது நிற்பதில்லை. பல தடவை இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் இழந்து, ஒவ்வொன்றாகச் சேர்த்த குடும்பத்துக்கு இது இன்னொரு இடப்பெயர்வு போன்றதே.

இதற்குப் பரிகாரமாகப் பெரிய பூட்டு வாங்கும்படி பலரும் சொல்வார்கள். பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தகரக் கதவுக்கும் கிடுகு வேலிக்கும் பூட்டு எவ்வளவு காவல் தரும்? முன்னைய நாட்களில் எமது வீடுகளைக் காத்தது அயல்தான். வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதனூடாக நெருப்பும் உப்பும் கறியும் போய்வரும். அடுத்த வளவில் அறியாத ஆள் நின்றால், "ஆரடா அது?" என்று கேட்க ஒரு குரல் இருந்தது. 1990 இலும் 1995 இலும் 2008–2009 காலத்திலும் நிகழ்ந்த இடப்பெயர்வுகள் அந்த அயலைச் சிதறடித்தன. 2012 இல் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது பலர் ஊர் திரும்பினார்கள். ஆனால் பழைய அயலவர் எல்லோரும் திரும்பவில்லை. சிலர் இன்றும் உறவினர் காணியிலோ வாடகைக் காணியிலோ வாழ்கிறார்கள். பக்கத்து வளவில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாத நிலை. இந்த இடைவெளிதான் கள்ளனுக்குத் திறந்த படலை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். யுத்த காலத்தில் ஆட்கள் விட்டுச்சென்ற வீடுகளின் ஓடுகளும் கதவுகளும் யன்னல் நிலைகளும் கழற்றிச் செல்லப்பட்டன. எல்லாவற்றையும் வெளியார் மட்டும் கொண்டுபோகவில்லை. எம்மவர் கைகளும் அதில் இருந்தன. பூட்டிய வீட்டை ஆளில்லா வீடாகவும், ஆளில்லா வீட்டை உரிமையில்லா வீடாகவும் எண்ணும் பழக்கம் அன்று வேரூன்றியது. இன்றும் பாதி விலைக்கு இறைப்பு இயந்திரமோ செப்புக் கம்பியோ வந்தால், "எங்கிருந்து வந்தது?" என்று கேளாமல் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவன் இல்லாவிட்டால் களவெடுப்பவனுக்கு வேலையில்லை. களவுப் பொருள் எனத் தெரிந்துகொண்டே வாங்குவது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படியும் குற்றமாகும்.

ஆகவே என்ன செய்யலாம்? முதலில் வீட்டளவில் சில காரியங்கள். அலவாங்கு, கோடரி, ஏணி ஆகியவற்றை முற்றத்தில் விட்டுச் செல்லாதீர்கள். எங்கள் கதவை எங்கள் அலவாங்கினாலேயே கிளப்புகிறார்கள். திறப்பைக் கூரைக் கிடுகுக்குள் செருகி வைப்பது ஊரறிந்த இரகசியம். இறைப்பு இயந்திரத்தின் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி, அதன் இரும்பில் உங்கள் அடையாளத்தையும் வெட்டி வையுங்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நனையாத உறையில் இட்டு, நம்பிக்கையானவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். இவற்றை இழந்தவர்கள் பட்ட அலைச்சல் எமக்குத் தெரியும். பகலிலும் எரியும் மின்குமிழ் வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்லும். மாலையில் போட்டு, காலையில் அணைக்க அயலவர் ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். பிள்ளைகள் திருவிழாவில் எடுத்த படங்களை வீடு திரும்பிய பின்னர் முகநூலில் போடட்டும்.

வீட்டுக்குக் காவலாக வயது முதிர்ந்த தாயையோ தந்தையையோ தனியே விட்டுச் செல்லும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். பொருளுக்குக் காவலாக உயிரை வைக்கலாகாது.

அடுத்தது அயலளவில் செய்ய வேண்டியது. இதுவே முக்கியமானது. பத்து வீடுகள் ஒரு குழுவாகச் சேரட்டும். கமக்காரர் அமைப்போ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ இதனைத் தொடக்கி வைக்கலாம். மடுவுக்குப் போகும் குடும்பங்களில் ஐந்து கொடியேற்ற நாட்களிலும், மற்ற ஐந்து நிறைவு நாட்களிலும் போகட்டும்; அடுத்த ஆண்டு முறையை மாற்றிக்கொள்ளலாம். இதனால் எவருக்கும் திருவிழா இல்லாமற் போகாது. நள்ளிரவுத் திருப்பலிக்கு ஊரே திரளும்போது, விடியற் பூசைக்குப் போகும் இரண்டு குடும்பங்கள் விழித்திருக்கலாம்.

எமது கிராமங்களில் இந்துக்களும் கத்தோலிக்கரும், மன்னார் போன்ற இடங்களில் முஸ்லிம்களும் அருகருகே வாழ்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் திருநாள் வருவதில்லை. காலபோக அறுவடை நெல் வீட்டில் குவிந்திருக்கும் வேளையில் சிவராத்திரி வரும். அன்று கத்தோலிக்கக் குடும்பம் அயல்வீட்டு நெல்லைப் பார்த்துக்கொள்ளட்டும். மடுத் திருவிழாவின்போது இந்துக் குடும்பம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கட்டும். பெருநாளுக்கு உறவினரிடம் போகும் முஸ்லிம் குடும்பத்தின் படலையை இரு சாராரும் கவனிக்கட்டும். ஒருவர் திருநாளை மற்றவர் காக்கும் இந்த ஒழுங்குக்கு ஒரு சதமும் செலவில்லை.

காவல் என்ற பெயரில் அநீதி நடந்துவிடவும் கூடாது. களவு நடந்தவுடன் கடைசியாக வந்து குடியேறிய குடும்பத்தின் மீதும், காணியில்லாதவர் பிள்ளைகள் மீதும் விரல் நீட்டப்படுகிறது. இடம்பெயர்ந்து போன ஊர்களில் எம்மையும் அப்படித்தான் பார்த்தார்கள். அந்த வலியை நாம் மறக்கலாமா? புதிதாக வந்த குடும்பத்தைக் காவற் குழுவில் முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எவராவது பிடிபட்டால் மரத்தில் கட்டி அடிக்காதீர்கள். கிராம அலுவலருக்கு அறிவித்துப் பொலிசாரிடம் ஒப்படையுங்கள். அவசரமெனில் 119 ஐ அழையுங்கள். தமிழில் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திருநாளுக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. இந்த ஞாயிறு மாலையில் பக்கத்து வளவுக்குப் போய், அங்குள்ளவர்களின் பெயரைக் கேட்டு, ஒரு தேநீர் குடித்து வாருங்கள். வேலியை உயர்த்தும் வேலையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.